கைதட்டலில் கேட்காமல் போன வரி

காவல்துறை ஓய்வூதியர்களின் ஆண்டுக் கூட்டத்துக்காகப் போன மாதம் பாலக்காடு போயிருந்தேன். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில், இப்போது பணியில் இருக்கும் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். சர்வீஸில் நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். அரசியல் கூட்டங்களில் பேசுகிறவர்களின் பேச்சைச் சுருக்கெழுத்தில் எழுதி எடுக்கிற வேலை என்றேன்.

"அதுக்குன்னு தனியா ஒரு ஆளா சார்? போன்ல ரெக்கார்ட் பண்ணினா முடிஞ்சுதே."

அவர் கேலியாகக் கேட்கவில்லை. இப்போது அவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். கூட்டத்துக்கே போகாமல், யாரோ அனுப்பிய துண்டு வீடியோவைப் பார்த்து வழக்குப் போடுவதும் நடக்கிறது என்று அவரே சொன்னார். நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் பாயசம் வந்துவிட்டது. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே. வேர்க்கடலையும் கரும்பும் போடுகிற குடும்பம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பொள்ளாச்சியில் ஒரு தட்டச்சுப் பள்ளியில் தமிழ்ச் சுருக்கெழுத்துப் படித்தேன். ஆபீஸ் வேலை கிடைக்கும் என்று நினைத்தேன். போலீஸ் வேலை கிடைத்தது. எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் எல்லோரும் தமிழில்தான் பேசுவார்கள். மாவட்ட ஸ்பெஷல் பிராஞ்சில் மலையாளச் சுருக்கெழுத்து தெரிந்தவர்கள் இருந்தார்கள், தமிழுக்கு ஆள் இல்லை. பயிற்சி முடிந்த கையோடு என்னை அங்கே போட்டுவிட்டார்கள். "கூட்டம் கேக்கறதுக்குச் சம்பளமா? நாங்கெல்லாம் இத்தன நாளா சும்மாவே கேட்டுட்டு இருக்கறோம்" என்றார் என் அப்பா.

எழுபதுகளின் தொடக்கத்தில் கொழிஞ்சாம்பாறைச் சந்தைத் திடலில் கூட்டம் இல்லாத மாதம் கிடையாது. பெரும்பாலும் மத்திய அரசைத் திட்டித்தான். உர விலை, ரேஷன் அரிசி, பிறகு ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நசுக்கிய விதம் என்று அந்த வாரத்துச் செய்தி எதுவோ அதுதான் பேச்சு. பழனிச்சாமி என்று ஒரு விவசாயி இருந்தார். பேச எழுந்ததும் முதலில் மேடைக்குக் கீழே என்னைத் தேடுவார்.

"ஏனுங்க ரிப்போர்ட்டர், வந்துட்டீங்களா? மெதுவாப் பேசட்டுங்களா? இது டெல்லிக்குப் போற சேதிங்க. ஒரு எழுத்துக்கூடத் தப்பீறக் கூடாதுங்க."

கூட்டம் சிரிக்கும். எனக்கு மேசையும் நாற்காலியும் போட்டுக் கொடுப்பது கூட்டம் நடத்துகிறவர்கள்தான். பேச்சாளருக்கு வருகிற சோடா எனக்கும் வரும். பேச்சு முடிகிற வரை நான் அதைத் தொட மாட்டேன். மறுநாள் காலையில் பழனிச்சாமியும் நானும் ஒரே பேருந்தில் பாலக்காடு போவோம். அவர் மார்க்கெட்டுக்கு, நான் அவர் பேசியதை ஒப்படைக்க. அவர் அரசைத் திட்டுவதும், அந்த அரசே ஆள் வைத்து அதை எழுதி எடுப்பதும் எங்கள் இருவருக்குமே விசித்திரமாகத் தோன்றவில்லை. அது எப்போதும் அப்படியே நடக்கும் என்றுதான் நினைத்திருந்தோம்.

பிறகு என்னைக் குமுளிக்கு மாற்றினார்கள். இடுக்கி மலையின் தேயிலை, ஏலக்காய் எஸ்டேட்டுகளில் வேலை செய்கிறவர்கள் தமிழர்கள். அங்கே சங்கக் கூட்டங்கள் தமிழில் நடந்தன. அங்கேதான் இன்ஸ்பெக்டர் நம்பியாரிடம் வேலை பார்த்தேன். தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

நம்பியார் உயரமானவர், சத்தம் போட்டுப் பேசமாட்டார். சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து ஏலக்காய் இருக்கும். ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு தோலைக் கீழே எறியாமல் அதே பையில் போட்டுக்கொள்வார். எல்லையில் பல வருடம் வேலை பார்த்ததால் ஒரு மாதிரி தமிழ் பேசுவார். பாதி மலையாளம் கலந்திருக்கும்.

கூட்டத்துக்குப் போகும்முன் என் நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்துப் போட்டுத் தருவார். இடையில் ஒரு தாளைக் கிழிக்கவோ சேர்க்கவோ முடியாது. பேனா கூடாது, பென்சில்தான். பேனாவில் மை தீரும், மழையில் கரையும். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் பேச்சு. வலப்பக்கம் கூட்டம் என்ன செய்தது என்பது. சிரித்தார்களா, கை தட்டினார்களா, பேசாமல் இருந்தார்களா, அவ்வளவுதான். காதில் விழாத இடத்தில் 'கேட்கவில்லை' என்று எழுதி, ஏன் கேட்கவில்லை என்றும் எழுத வேண்டும். முன்பின் வார்த்தைகளை வைத்து ஊகித்து நிரப்பக் கூடாது. மறுநாள் காலை அதைச் சாதாரண எழுத்தில் விரித்து எழுதி, அவர் முன்னால் உட்கார்ந்து வாசிப்பேன். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

முதல் முறை வாசித்தபோது, 'இங்கே பேச்சாளர் வன்மமாகப் பேசினார்' என்று நானாக ஒரு வரி சேர்த்திருந்தேன். கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கினார்.

"முத்துசாமி, அவரு பறஞ்சது மட்டும் மதி. உன்டெ அபிப்பிராயம் வேண்டாம்."

மதி என்றால் அவர் மொழியில் போதும். அந்த வரியை அடித்தேன். அதன் பிறகு அப்படி ஒரு வரியை நான் எழுதியதில்லை.

நெருக்கடி நிலை வந்தது. அறிவிப்பை டீக்கடை ரேடியோவில்தான் கேட்டேன். அடுத்த சில நாட்களில் எஸ்டேட் சங்கங்களின் செயலாளர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கூட்டம் போட அனுமதி இல்லை. கம்பத்திலிருந்து பேருந்தில் ஏறிவரும் தமிழ்ப் பத்திரிகைகளில் முதல் சில நாட்கள் அங்கங்கே வெற்றிடம் இருந்தது. பிறகு வெற்றிடமும் இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நல்ல செய்தி. நான் ஆபீஸில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பென்சில்களைச் சீவி வைத்தேன்.

பின்னால் தேர்தல் வந்து நாட்டில் ஆட்சி மாறியபோது, எங்கள் மாநிலம் ஏன் பழையவர்களுக்கே வாக்களித்தது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஜனங்கள் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர்கள் பேசியிருந்தால் எழுதியிருப்பேன். பேசவில்லை.

ஒருவர் மட்டும் பேசினார்.

பிரதமரின் இருபது அம்சத் திட்டத்தை விளக்குவதற்கு ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். குமுளிக்கும் வண்டிப்பெரியாற்றுக்கும் நடுவே ஒரு தேயிலை எஸ்டேட் மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்படி ஒரு கூட்டம். அரசாங்கமே நடத்துகிற கூட்டம், ஆனாலும் யார் பேசினாலும் எழுத வேண்டும் என்பது விதி. தொழிலாளர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். ஏலக்காய் வியாபாரி ஒருவர் தலைமை. அதிகாரிகள் பேசினார்கள், தலைவர் பேசினார். ரயில்கள் நேரத்துக்கு ஓடுகின்றன, விலைவாசி இறங்கிவிட்டது, வேலைநிறுத்தம் இல்லை, நாடு அமைதியாக இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதினேன். வலப்பக்கத்தில் எழுத ஒன்றும் இல்லை.

கடைசியில் தொழிலாளர்கள் சார்பில் நன்றி சொல்ல ஞானபாக்கியம் என்பவரைக் கூப்பிட்டார்கள். நாற்பதைத் தாண்டிய பெண், கொழுந்து கிள்ளுகிறவர், கணவர் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுகளில் ஞாயிறு மாலை ஜெபக் கூட்டத்தை அவர்தான் நடத்துவார். நாலு பேர் முன்னால் தடுமாறாமல் பேசக்கூடியவர், சாது, வம்பு கிடையாது என்று நினைத்துத்தான் அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மைக்குக்கு முன்னால் வந்தார்.

"ஐயாமாருக்கெல்லாம் வணக்கம். நன்றி சொல்லச் சொன்னாக. சொல்றேன். லாரி அனுப்புனதுக்கு நன்றி. உக்கார வச்சதுக்கு நன்றி. ரயிலெல்லாம் நேரத்துக்கு வருதுன்னு பெரிய ஐயா சொன்னாரு. கேக்கச் சந்தோசமா இருக்கு. எங்க ஜில்லாவுல ரயிலே கிடையாது. வந்தா ஏறிப் பாத்துச் சொல்றோம்."

பிறகு பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முன்னால் வரைக்கும் வந்தது. 'சிரிப்பு' என்று வலப்பக்கத்தில் எழுதினேன்.

"வெலவாசி எறங்கிருச்சுன்னு ரேடியோ சொல்லுது. எங்க லைனுக்குக் கீழ கடை வச்சிருக்கவரு எந்நேரமும் ரேடியோவக் காதுல வச்சுத்தேன் இருக்காரு. அவருக்கு மட்டும் அது கேக்க மாட்டேங்குது. போனசக் கொறைச்சுட்டாக. ஏன் கொறைச்சாகன்னு கேக்க எங்க சங்கத்து ஆளு இங்கன இல்ல. அவர எங்க கொண்டுபோனாகன்னு பேப்பர்ல போட்டிருக்கான்னு எம் மகள வாசிக்கச் சொன்னேன். முழுப் பேப்பரும் வாசிச்சா. அவரு பேரே இல்ல. நாடு அமைதியா இருக்குன்னு சொன்னாக. பசிச்சு அழுகுற பிள்ள வாயப் பொத்துனாலும் வீடு அமைதியாத்தேன் இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. மேடையில் தலைவர் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. ஞானபாக்கியம் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"அந்தா, ஒரு ஐயா எழுதிக்கிட்டே இருக்காரு. எழுதிக்கிடுங்க ஐயா. பேப்பர்ல வராது, ஒங்க நோட்டுலயாவது இருக்கட்டும். தேயிலச் செடி எங்களுக்குத் தெரியும். கவாத்து வெட்டாம விட்டா அது மேல மேல போயிக்கிட்டே இருக்கும். மரமாயிரும். எம்புட்டு ஒசந்த செடியா இருந்தாலும் கவாத்து வெட்டித்தேன் ஆகணும்."

அப்போது வந்த கைதட்டலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. மொத்த மைதானமும் தட்டியது. ஞானபாக்கியம் நிறுத்தவில்லை; மைக்குக்கு முன்னால் அவர் உதடு அசைவது தெரிந்தது. என் காதில் ஒன்றும் விழவில்லை. அதற்குள் யாரோ மைக்கை அணைத்துவிட்டார்கள். 'ஒரு வரி கேட்கவில்லை. கைதட்டல்' என்று எழுதி, நேரத்தைக் குறித்து நோட்டை மூடினேன்.

மறுநாள் காலையிலேயே தலைமை தாங்கிய வியாபாரியின் புகார் வந்துவிட்டது. உயரத்தில் இருப்பவர்களின் தலையை வெட்ட வேண்டும் என்று அந்தப் பெண் பேசினாள், கூட்டத்தைத் தூண்டிவிட்டாள் என்று எழுதியிருந்தார். மேலதிகாரி ஒருவர் போனில் கூப்பிட்டு, மிசாவில் வைக்க வேண்டிய கேஸ் இது, ரிப்போர்ட் அதற்குத் தகுந்தாற்போல் வரட்டும் என்றார். மிசாவில் போட்டால் கோர்ட் கிடையாது, வக்கீல் கிடையாது. எப்போது வெளியே வருவார் என்று யாருக்கும் தெரியாது.

நம்பியார் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். நான் வாசித்தேன். ரயில் வரியில் அவர் மூக்கு லேசாக விடைத்தது. கவாத்து வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"கவாத்துன்னா என்ன?"

"தெரியலிங்க சார். எங்க பக்கம் தேயிலை இல்லிங்க."

"கேக்காத வரி?"

"கேக்கலிங்க சார். தலைன்னு சொன்னாங்களான்னும் தெரியாது, சொல்லலியான்னும் தெரியாதுங்க."

கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். "வா."

ஜீப்பில் அந்த எஸ்டேட்டுக்கே போனோம். கவாத்து நடக்கிற மலையைக் காட்டச் சொன்னார். நான் அதுவரை அதைப் பார்த்ததில்லை. நெஞ்சளவு வளர்ந்த செடிகளை வரிசையாக ஆட்கள் வளைந்த கத்தியால் முழங்கால் உயரத்துக்கு வெட்டிக்கொண்டு போனார்கள். ஒரே வீச்சில், சாய்வாக. பட்டை பிளந்தால் மழைத் தண்ணீர் இறங்கி அழுகிவிடும் என்று மேற்பார்வையாளர் சொன்னார். வெட்டிய மலை முழுக்க இலையே இல்லாமல் கட்டை கட்டையாக நின்றது. அதற்குப் பக்கத்து மலை முந்தைய கவாத்தில் வெட்டியது; அங்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் இளம்பச்சை.

"வெட்டுனா செடி சாகுமோ?" என்று நம்பியார் கேட்டார்.

மேற்பார்வையாளர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "சாகுறதுக்கா சார் வெட்டுவாக? வெட்டலன்னாத்தேன் செடி கெட்டுப்போகும்."

ஆபீஸுக்குத் திரும்பியதும் ரிப்போர்ட்டின் அடியில் ஒரு குறிப்புச் சேர்க்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'கவாத்து என்பது தேயிலைச் செடியின் மேற்பகுதியை வெட்டிக் குறைக்கும் வேலை. இதனால் செடி சாவதில்லை. நேரில் பார்க்கப்பட்டது.'

எழுதிவிட்டு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன். "சார், நம்ம அபிப்பிராயம் எழுதக் கூடாதுன்னு சொன்னீங்களே."

"இது அபிப்பிராயம் இல்லே, முத்துசாமி. இது செடி."

ஒரு ஏலக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்துக்கு என்ன வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மாதம் முடிவதற்குள் கடற்கரைப் பக்கம் ஒரு ஸ்டோர் பொறுப்புக்கு அவரை மாற்றினார்கள். அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு மிசாவில் போட முடியவில்லை. அதனால் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ், அரசின் மேல் வெறுப்பைத் தூண்டினார் என்று வழக்குப் போட்டார்கள். இதற்கு விசாரணை உண்டு. ஆனால் ஜாமீன் கிடைக்கவில்லை. ஞானபாக்கியம் கிளைச் சிறையில் இருந்தார். எஸ்டேட் செக்ரோலில், அதாவது வேலையாட்களின் பதிவேட்டில், அவர் பெயரை வெட்டிவிட்டார்கள். வேலை போனால் லைன் வீடும் போகும். மகள் செல்வி மட்டும் சாமான்களுடன் பக்கத்து வீட்டில் ஒதுங்கியிருந்தாள்.

தாலுகா கோர்ட்டில் வழக்கு வந்தது. முதல் சாட்சி நான். என் ரிப்போர்ட்டும் நோட்டும் அரசுத் தரப்பின் ஆதாரம். வேறு ஆதாரமே அவர்களிடம் இல்லை. கூட்டத்தில் இருந்த தொழிலாளர்களில் ஒருவர்கூடச் சாட்சி சொல்ல வரவில்லை. வியாபாரிக்கும் தான் கேட்டதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஞானபாக்கியத்துக்காகத் தாமஸ் என்ற இளம் வக்கீல் ஆஜரானார். எஸ்டேட் கோயில் அய்யர், அதாவது சர்ச் பாதிரியார், ஏற்பாடு செய்தவர். கெட்டிக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். கூண்டில் நின்ற என்னிடம் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"உங்க ஊரு கொழிஞ்சாம்பாறை. அங்கத்தத் தமிழ் வேற, எஸ்டேட்டுத் தமிழ் வேற. சரிதானே?"

"சரிதானுங்க."

"கவாத்துங்கற வார்த்தையே உங்களுக்கு அன்னிக்குத் தெரியாது."

"தெரியாதுங்க. சத்தத்தைத்தான் எழுதினேன்."

"ஒரு வரி கேக்கலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப அந்த இடத்துல மைக்கு சரியில்லை, கூட்டத்துல சத்தம், பேசினது உங்களுக்குப் பழக்கமில்லாத தமிழ். கேட்டதா நீங்க எழுதின மத்த வரிகளையும் தப்பாக் கேட்டிருக்கலாம். இருக்கலாமா, இல்லையா?"

அவர் எங்கே போகிறார் என்பது புரிந்தது. 'இருக்கலாம்' என்று நான் சொன்னால் வழக்கு அங்கேயே விழும். ஞானபாக்கியம் அன்றைக்கே வீட்டுக்குப் போவார். 'இல்லை' என்று சொன்னால் உள்ளே போவார். ஆனால் நான் தப்பாகக் கேட்கவில்லை. கேட்ட ஒவ்வொரு சொல்லும் அவர் சொன்னதுதான். கோர்ட்டின் கடைசி பெஞ்சில் நம்பியார் உட்கார்ந்திருந்தார். குறிப்பில் கையெழுத்துப் போட்டவர் என்பதால் அவருக்கும் சம்மன். கடற்கரையிலிருந்து பேருந்து மாறி மாறி வந்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி தூண் ஓரமாக நின்று என் வாயையே பார்த்தாள். மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்துக்கொண்டு, "பதில் சொல்லுங்க" என்றார்.

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் இரண்டு பதிலையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்று நான் வாயைத் திறப்பதற்குள் குற்றவாளிக் கூண்டிலிருந்து குரல் வந்தது.

"நான் சொன்னேன்."

தாமஸ் வேகமாகத் திரும்பினார். "அம்மா, நீங்க பேசாம இருங்க."

"எம்புட்டு நேரம் பேசாம இருக்குறது? அந்த ஐயா தப்பாக் கேக்கல. நான் சொன்னதத்தேன் எழுதியிருக்காரு. நான் சொல்லலைன்னு ஆயிருச்சுன்னா அப்புறம் அன்னிக்கு நான் எதுக்கு எந்திரிச்சு நின்னேன்?"

"அம்மா, நீங்க இதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. யோசிச்சுப் பேசுங்க" என்றார் மாஜிஸ்திரேட்.

"உள்ள இருந்து யோசிச்சுட்டுத்தேன் வந்திருக்கேன், துரை. அவருக்குக் கேக்காம விட்டதையும் சொல்றேன், எழுதிக்கிடுங்க. 'அந்தக் கவாத்துக்குத்தேன் நமக்கு ஓட்டுன்னு ஒண்ணக் குடுத்திருந்தாக. அதையும் தள்ளி வச்சுப்புட்டாக.' இம்புட்டுத்தேன். தலைன்னு நான் சொல்லல. எனக்கு யாரு தலையும் வேண்டாம்."

மாஜிஸ்திரேட் தாமஸைப் பார்த்தார். தாமஸ் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். என்னிடம் கேட்ட கேள்வியை மறுபடி யாரும் கேட்கவில்லை.

மதியத்துக்கு மேல் தீர்ப்புச் சொன்னார்கள். குற்றவாளிதான். வன்முறைக்குத் தூண்டும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை என்பதால் இதுவரை சிறையில் இருந்த காலமே தண்டனை என்று மாஜிஸ்திரேட் எழுதினார். அந்த நாட்களில் அப்படி எழுதுவதற்கும் துணிச்சல் வேண்டியிருந்தது. ஞானபாக்கியம் அங்கிருந்தே வெளியே வந்தார். அவருக்குத் திரும்பிப் போக மலையில் வீடு இல்லை. கம்பத்தில் தம்பி இருக்கிறான், அவன் தோட்டத்தில் ஏதாவது வேலை கிடைக்கும் என்று செல்வியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு மூட்டையும் கோர்ட் வாசல் மரத்தடியில் இருந்தன.

நான் அவரைத் தாண்டித்தான் பேருந்து நிறுத்தத்துக்குப் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

"ஐயா, நில்லுங்க."

நின்றேன். என் எழுத்தால் உள்ளே போனவர். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று இருந்தேன்.

"கோர்ட்டுல அங்கனக்குள்ள ஒரு வரி, இங்கனக்குள்ள ஒரு வரின்னு மலையாளத்துல வாசிச்சாக. எனக்குப் பாதி புரியல. நான் அன்னிக்குப் பேசுனது முழுசா ஒங்ககிட்ட இருக்கா?"

"இருக்குங்கம்மா. ஒரு பிரதி இருக்குது."

"எனக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு தடவ வாசிச்சுக் காட்டுவீகளா?"

பையில் கார்பன் பிரதி இருந்தது. அதை வெளியாட்களிடம் காட்டவே கூடாது. அதிலும் இது, பேசியதற்காகச் சற்று முன்புதான் தண்டனை கொடுக்கப்பட்ட பேச்சு. அதைப் பொது இடத்தில் நான் வாசித்தால் அதே விதி என்மேல் பாயும். நம்பியார் கோர்ட் படியில் நின்றிருந்தார். அவரைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் கேட்டிருக்க வேண்டும். ஏலக்காய் ஒன்றை எடுத்து மெதுவாக உரித்தார். தோலைப் பைக்குள் போட்டார். பிறகு படியிறங்கி வந்து எங்கள் பக்கமாக, ஆனால் ரோட்டைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். யாராவது வந்தால் முதலில் அவரைத் தாண்டித்தான் வர வேண்டும்.

தாள்களை எடுத்தேன். முதலில் முணுமுணுப்பாகத்தான் வாசித்தேன். ஞானபாக்கியம் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து, ஜெபத்தில் உட்காருகிற மாதிரி கைகளை மடியில் கோத்துக்கொண்டார். 'லாரி அனுப்புனதுக்கு நன்றி. உக்கார வச்சதுக்கு நன்றி.' என் கொங்கு நாக்கில் அவருடைய தமிழ் சரியாக வரவில்லை. ஆனாலும் எழுதியிருந்தபடியே வாசித்தேன். வேறு வழக்குக்கு வந்திருந்தவர்கள் இரண்டு பேர் நின்றார்கள். டீக்கடையிலிருந்து சிலர் கிளாஸோடு வந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் என் குரல் உயர்ந்திருந்தது.

'எங்க ஜில்லாவுல ரயிலே கிடையாது. வந்தா ஏறிப் பாத்துச் சொல்றோம்.'

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மைதானத்தில் சிரித்த அதே இடத்தில். அத்தனை வருடம் மற்றவர்கள் பேச்சுக்குக் கிடைத்த சிரிப்பை எழுதியவன் நான். என் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு யாரும் சிரித்ததில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று நிறுத்திவிட்டு மறுபடி வாசித்தேன். ரேடியோ, போனஸ், பேப்பரில் இல்லாத பெயர். வாயைப் பொத்திய பிள்ளை வந்ததும் எல்லோரும் அமைதியானார்கள். கடைசியில் கவாத்து. அதற்குப் பிறகு என் தாளில் ஒன்றும் இல்லை. நிறுத்தினேன்.

ஞானபாக்கியம் நிமிர்ந்து பார்த்தார். நின்றவர்களைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த ஓட்டு வரியை அவரே சொன்னார். மைக் இல்லை, கைதட்டல் இல்லை. எல்லோருக்கும் கேட்டது.

கம்பம் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. செல்வி மூட்டைகளைத் தூக்கினாள். பெட்டியை நான் எடுத்துக் கொடுத்தேன். படியில் ஏறும்போது ஞானபாக்கியம் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு முதல்முறையாகச் சிரித்தார்.

"நல்லாத்தேன் பேசியிருக்கேன், என்னய்யா?"